புறநகர்ப் பாதையை விட்டு விலகிய டீசல் எஞ்சின்கள்

ஓர் இயந்திரம் எப்போது முதுமை அடைகிறது என்னும் வினாவிற்கு விடை கூறுதல் எளிதன்று. ஆண்டுகளை எண்ணி முதுமையை அறிவது உயிர்களுக்குப் பொருந்தும். இயந்திரத்திற்கு முற்றும் பொருந்தாது. உருளைகள் தேய்ந்தால் மாற்றலாம். மோட்டாரின் கம்பிச் சுருள் கருகினால் மீண்டும் சுற்றலாம். சக்கர விளிம்பு தேய்ந்தால் கடைந்து செப்பனிடலாம். இவ்வாறு பாகம் பாகமாகப் புதுப்பிக்கப்பெற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த டீசல் எஞ்சின்கள் உலகில் பல உண்டு. ஆயினும், ஓடக்கூடிய நிலையிலேயே சில எஞ்சின்கள் பணியிலிருந்து நீக்கப்படுகின்றன. அவ்வாறு நீக்கப்படுவதற்குக் காரணம் எஞ்சினின் வயதா, அதனிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையின் இயல்பா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். நீக்கப்பட்ட எஞ்சினை உடைத்தெறிவதா, வேறோர் ஊருக்கு அனுப்புவதா என்னும் வழக்கு எழும்போது, இவ்வினாவின் விடையே அதனைத் தீர்க்க உதவும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையில் ஸான் பிரான்ஸிஸ்கோ, ஸான் ஹோஸே ஆகிய இரு நகரங்களையும் இணைக்கும் 'கால்ட்ரெயின்' புறநகர்ச் சேவையை எடுத்துக் கொள்வோம். இப்பாதை 1864-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முழுமை பெற்றது. நீராவி எஞ்சின்கள் இங்கு 1957 வரை பயணிகளை ஏற்றிச் சென்றன. அதன்பின் டீசல் ஆட்சி நிலவியது. 1985-ஆம் ஆண்டில் எஃப் 40 பி.எச். 2 என்னும் வகையைச் சேர்ந்த எஞ்சின்களும், ஜப்பானில் செய்யப்பட்ட ஈரடுக்குப் பெட்டிகளும் ஒன்றாகப் பணியேற்றன. அப்பெட்டிகளின் அமைப்பு சற்று வேடிக்கையானது. மேலடுக்கு முழுத் தளமாக இல்லாமல் இருபுறமும் மாடம் போன்று அமைந்திருந்தமையால், பயணச் சீட்டுச் சோதிப்பவர் கீழே நின்றவாறே இரண்டு அடுக்குகளையும் பார்த்து முடித்துவிடலாம். ஏறத்தாழ 82 கிலோமீட்டர் நீளப் பாதைக்கு மின்கம்பி அமைக்கப்பட்டபின், 2024 செப்டம்பர் 21 அன்று ஸான் ஹோஸே வரையுள்ள சேவை முழுவதும் மின்தொடர் வண்டிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பத்தொன்பது ஆண்டுகள் உழைத்த எஞ்சின்கள் ஓய்வு பெற்றன.

எஞ்சினுக்குள் ஒரு மின் நிலையம்

டீசல் எஞ்சின் என்றவுடன், எண்ணெய் எரியும் விசை நேரே சக்கரத்தைச் சுழற்றுவதாகப் பலர் கருதுகின்றனர். மோட்டார் லாரியில் அது மெய். பெரிய ரயில் எஞ்சினில் நடைபெறுவது வேறு. எண்ணெயில் இயங்கும் பொறி ஒரு மின்னாக்கியைச் சுழற்றுகிறது. மின்னாக்கி தரும் மாறு மின்சாரம் திருத்தப்பெற்று நேர் மின்சாரமாகிறது. அது ஒவ்வோர் அச்சிலும் பொருத்தப்பட்டுள்ள மோட்டாரை இயக்குகிறது. ஆகவே இதனைச் சக்கரங்களின் மீது ஏற்றப்பட்ட ஒரு மின் நிலையம் எனலாம். மின் எஞ்சின் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து பெறுகிறது. டீசல் எஞ்சினோ மின் நிலையத்தையும் அதற்குரிய எண்ணெயையும் தன் முதுகிலேயே சுமந்து செல்கிறது. இவ்வேறுபாட்டை மாணவர் மனத்தில் பதியச் செய்துவிட்டால், பின் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

நாம் கூறும் எஞ்சினின் எடை ஏறத்தாழ 118 டன், அச்சுகள் நான்கு. பொறியில் 16 உருளைகள் 'வி' வடிவில் அமைந்துள்ளன. ஓர் உருளையின் கொள்ளளவு 645 கன அங்குலம், அதாவது பத்தரை லிட்டருக்குச் சற்று மிகுதி. திறன் 3,000 குதிரைத் திறன். இப்பொறி இரண்டடிப் பொறியாகும். நம் நாட்டில் 1962-இல் இறக்குமதியாகிப் பின்னர் வாராணசியில் உற்பத்தி செய்யப்பட்ட அமெரிக்க ஆல்கோ வகை எஞ்சின்களில் இருப்பது நான்கடிப் பொறி. அதில் ஓர் உருளை இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே வெடிப்பைப் பெறும். இரண்டடிப் பொறியில் ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு உண்டு. நிமிடத்திற்கு 893 சுற்று எனக் கொண்டால், 16 உருளைகளிலும் சேர்த்து வினாடிக்கு ஏறத்தாழ 238 வெடிப்புகள் நிகழ்கின்றன. அதன் ஓசை இடைவிடாத உறுமலாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இரண்டடிப் பொறியில் பிஸ்டன் காற்றை உறிஞ்சுவதில்லை. உருளையின் சுவரிலுள்ள துளைகள் வழியே புதுக்காற்றை வெளியிலிருந்து ஊதிச் செலுத்த வேண்டும்; எரிந்த வாயு மேலுள்ள வால்வுகள் வழியே வெளியேறும். ஊதுவதற்கு அமைந்த விசிறி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்சக்கரங்களால் சுழற்றப்படுகிறது. புகையின் வேகம் மிகுந்தபின் அப்புகையாலேயே சுழல்கிறது. ஆல்கோ எஞ்சின் நிலையத்தை விட்டுப் புறப்படும்போது கரும்புகையைக் கக்குவதை நம் ரயில்வே ஊழியர் பலரும் கண்டிருப்பர். அவ்வெஞ்சினில் விசிறியைப் புகை மட்டுமே சுழற்றுவதால், எண்ணெய் மிகுந்த அக்கணத்தில் காற்று பின்தங்கிவிடுகிறது. பற்சக்கரத் துணையுள்ள எஞ்சினில் இக்குறை பெரிதும் தவிர்க்கப்பட்டது. தவிர்க்கப்பட்டது கண்ணுக்குத் தெரியும் புகையே. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

நிற்பதும் புறப்படுவதும்

நெடுந்தொலைவு செல்லும் சரக்கு வண்டி ஒரு முறை வேகம் பெற்றால் நெடுநேரம் அவ்வேகத்திலேயே செல்லும். புறநகர் வண்டியின் நிலை அதுவன்று. ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து ஸான் ஹோஸே வரை எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி, சராசரியாக நான்கு கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஒரு நிறுத்தத்தைச் சந்திக்கிறது. வண்டியின் உழைப்பில் பெரும்பகுதி, வேகத்தை உண்டாக்குவதிலும் உண்டாக்கிய வேகத்தை அழிப்பதிலும் கழிகிறது.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆசிரியர்கள் பத்தாம் வகுப்புப் பௌதிகத்தைக் கொண்டே இதனை நடத்தலாம். எஞ்சினும் பெட்டிகளும் சேர்ந்து 400 டன் எனக் கொள்வோம். வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 30 மீட்டர். இயக்க ஆற்றல், எடைப்பொருளில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வருவது: 180 மெகாஜூல். இது 50 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். அடுத்த நிலையத்தில் பிரேக் போட்டவுடன் இவ்வளவும் வெப்பமாகிக் காற்றில் கலந்து மறைகிறது. ஒரு லிட்டர் டீசல் எண்ணெயில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் பத்தில் மூன்று பங்கு சக்கரத்தை அடைவதாகக் கொண்டால், ஒவ்வொரு புறப்பாட்டிற்கும் ஏறக்குறைய 17 லிட்டர் எண்ணெய் செலவாகிறது. காற்றின் எதிர்ப்பையும் சக்கரங்களின் சுழற்சி ஆற்றலையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சில டீசல் எஞ்சின்களில் மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றி வேகத்தைக் குறைக்கும் வசதி உண்டு. ஆனால் அவ்வாறு பிறக்கும் மின்சாரத்தை எண்ணெயாக மாற்றித் தொட்டியில் மீண்டும் ஊற்ற இயலாது. கூரையிலுள்ள தடைச் சட்டங்களைச் சூடாக்கி வீணாக்குவதே வழி. கம்பியுடன் இணைந்த மின்தொடர் வண்டியோ அம்மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தருகிறது. கால்ட்ரெயினின் புதிய வண்டிகள் தாம் செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழ 23 விழுக்காட்டை இவ்வாறு திருப்பித் தருவதாக அந்நிறுவனம் 2025-இல் அறிவித்தது.

ஆற்றலைப் போன்றே விசையும் கருதத்தக்கது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தை எவ்வளவு பற்றுகிறதோ அவ்வளவே இழுக்க முடியும். உராய்வுக் குணகம் 0.25 எனக் கொண்டால், 118 டன் எஞ்சின் தரக்கூடிய மிகுந்த இழுவிசை 289 கிலோநியூட்டன். அதனால் 400 டன் வண்டிக்குக் கிடைக்கும் முடுக்கம், வினாடிக்கு வினாடி 0.72 மீட்டர். இது தொடக்கத்தில் மட்டுமே. சக்கரத்தை அடையும் திறன் 1,800 கிலோவாட் என்றால், மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் அவ்விசையைத் தொடர்ந்து தரத் திறன் போதாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் இழுவிசை 90 கிலோநியூட்டனாகக் குறைகிறது, முடுக்கமும் 0.225 ஆகிறது. வேகம் கூடக் கூட எஞ்சின் தளர்கிறது.

மின்தொடர் வண்டியில் தனி எஞ்சின் இல்லை. மோட்டார்கள் பல பெட்டிகளின் அடியில் பரவி உள்ளன. அதே 400 டன் வண்டியில் பாதி அச்சுகளுக்கு மோட்டார் இருப்பின், பற்றும் எடை 200 டன். தொடக்க முடுக்கம் 1.2 வரை செல்லலாம். கம்பியின் அழுத்தம் 25,000 வோல்ட்டாக இருப்பதால், 4,000 கிலோவாட் திறனைப் பெற 160 ஆம்பியர் மின்னோட்டமே போதுமானது. நம் நாட்டு ரயில் பாதைகளிலும் இதே 25,000 வோல்ட் முறையே கையாளப்படுகிறது. வேறுபாடு, அங்கு வினாடிக்கு 60 சுழற்சி, இங்கு 50 சுழற்சி என்பதே. எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் கால்ட்ரெயின் வண்டிக்கு முன்பு ஏறத்தாழ 100 நிமிடம் தேவைப்பட்டது. மின்மயத்திற்குப் பின் அது 80 நிமிடத்திற்குள் அடங்கியது. இவ்விரு காலங்களிலும் நிலைய இடைவெளிகளில் வண்டி எட்டக்கூடிய மிகுந்த வேகம் மணிக்கு 127 கிலோமீட்டர் அளவிலேயே இருந்தது என்பதை நோக்குக. நேரம் மிஞ்சியது உச்ச வேகத்தால் அன்று, புறப்படும் வேகத்தால்.

விளக்குக்கு வேண்டிய மின்சாரம்

பயணிகள் பெட்டிக்கு விளக்கும் குளிர்சாதனமும் வேண்டும். இதற்குரிய மின்சாரத்தையும் எஞ்சினே தரும்படி எஃப் 40 வகை அமைக்கப்பட்டது. வினாடிக்கு 60 சுழற்சி என்பது மாறாமல் இருக்க வேண்டுமாயின், மின்னாக்கியின் சுழல் வேகமும் மாறாமல் இருக்க வேண்டும். அம்மின்னாக்கி பெரிய பொறியுடன் பற்சக்கரங்களால் பிணைக்கப்பட்டிருந்தது. விளைவு யாதெனில், வண்டி ஓடினாலும் நின்றாலும் பொறி நிமிடத்திற்கு 893 சுற்று என்னும் முழு வேகத்திலேயே சுழல வேண்டியதாயிற்று. நிலையத்தில் பயணிகள் ஏறி இறங்கும்போதும், முனையத்தில் அரை மணி நேரம் காத்திருக்கும்போதும், பதினாறு உருளைகளும் சில விளக்குகளுக்காக வெடித்துக் கொண்டிருந்தன! இவ்வகைக்கு அமெரிக்க ரயில் ஆர்வலர்கள் 'அலறி' என்று பெயர் சூட்டியது பொருத்தமே.

கால்ட்ரெயின் நிறுவனத்தார் இக்குறையைச் சகித்துக் கொண்டிருக்கவில்லை. சுமார் 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தம் எஞ்சின்களைப் புதுப்பித்தபோது, பெட்டிகளின் மின்சாரத்திற்கெனச் சிறிய டீசல் பொறி ஒன்றைத் தனியே பொருத்தினர். பெரிய பொறி நிலையத்தில் அடங்கி நிற்க முடிந்தது. நல்ல மாற்றம்தான், எனினும் ஓர் எஞ்சினில் இரண்டு டீசல் பொறிகளைப் பேணும் சுமை கூடிற்று.

நம் நாட்டு நெடுந்தூர வண்டிகளில் இதே வினாவிற்கு வேறு விடை காணப்பட்டிருந்தது. வண்டியின் முன்னும் பின்னும் மின்னாக்கிப் பெட்டிகள் இணைக்கப்பட்டன. அவற்றின் இரைச்சலை அடுத்த பெட்டியில் படுத்துறங்க முயன்றவர் அறிவர். மின் எஞ்சின் கம்பியிலிருந்து பெறும் மின்சாரத்தின் ஒரு பகுதியையே பெட்டிகளுக்கும் தரும் முறை 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் விரைந்து பரவிற்று.

புகையும் மூச்சும்

இதுகாறும் கூறியது எண்ணெய்ச் செலவும் காலச் செலவும். இவற்றினும் மேலானது மூச்சைப் பற்றியது. டீசல் புகையிலுள்ள கரித்துகள் தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கினும் சிறிதாக இருக்கும். மூக்கிலும் தொண்டையிலும் தங்காது நுரையீரலின் ஆழத்தை அடையும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ஆம் ஆண்டில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என ஐயமற அறியப்பட்டவற்றின் வகுப்பில் சேர்த்தது. நடைமேடையில் நாள் முழுவதும் பணிபுரியும் ஊழியருக்கு இது சொந்த விஷயமாகும்.

அமெரிக்க அரசு ரயில் எஞ்சின்களின் புகைக்கு முதன்முதலாக வரம்பு வகுத்தது 1998-இல். 1973-க்குப் பின் செய்யப்பட்ட பழைய எஞ்சின்கள் புதுப்பிக்கப்படும்போது, குதிரைத் திறன் மணி ஒன்றுக்கு 0.60 கிராம் துகள் வரை வெளியிடலாம் என்பது அப்போதைய விதி. 2015 முதல் புதிதாகச் செய்யப்படும் எஞ்சினுக்கு வரம்பு 0.03 கிராம். இருபதில் ஒரு பங்கு! 1985-ஆம் ஆண்டு எஞ்சினை எத்துணைக் கவனமாகப் பேணினாலும் இவ்வளவு தூய்மையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி ஆய்வாளர்கள், 2024-இல் டீசல் வண்டிகள் விலகி மின்வண்டிகள் வந்து கொண்டிருந்த வாரங்களில், பெட்டிகளின் உள்ளேயும் ஸான் பிரான்ஸிஸ்கோ நிலையத்திலும் கரித்துகளை அளக்கும் கருவிகளைப் பொருத்தினர். பயணிகள் சுவாசித்த கரித்துகள் சராசரியாக 89 விழுக்காடு குறைந்ததென அவர்கள் 2025-இல் வெளியிட்டனர். பல ஆண்டு காத்திருந்து காணும் பயன் அன்று இது. எஞ்சின் மாறிய சில வாரங்களில் கிட்டிய பயன். புகைபோக்கி கூரையில் இருப்பதால் புகை மேலே சென்றுவிடும் என எண்ணுவது பிழை. ஓடும் வண்டியின் மேல் காற்று பின்னோக்கி வழிகிறது. பின்னுள்ள பெட்டிகளின் காற்று வாயில்கள் அதனை உள்ளே இழுத்துக் கொள்கின்றன. நிலையமோ, கூரையின் அமைப்பைப் பொறுத்துப் புகையைத் தேக்கி வைக்கிறது. நம் ஊர் நிலையங்களில் ஒரு வெள்ளைத் துணியை ஒரு வாரம் கட்டி வைத்து நிறம் பார்ப்பது, பள்ளி மாணவர் செய்யத்தக்க எளிய சோதனை. டீசல் வண்டி நிற்கும் இடம், நில்லாத இடம் என இரண்டு இடங்களில் கட்டி ஒப்பிடுதல் வேண்டும். சாலைப் புழுதியும் துணியில் படியும் என்பதை மறத்தலாகாது.

உடைப்பதா, அனுப்புவதா?

மின்மயத் திட்டத்திற்கு நிதி உதவிய அமைப்புகளுள் அவ்வட்டாரக் காற்றுத் தூய்மைக் காப்பு ஆணையமும் ஒன்று. ஓய்வு பெறும் டீசல் எஞ்சின்களை அழித்துவிட வேண்டும் என்பது அவ்வுதவியின் நிபந்தனையாக இருந்தது. கேட்போர்க்கு இது கொடிதாகத் தோன்றலாம். ஆனால் பழைய எஞ்சினை அடுத்த ஊருக்கு விற்றால், புகை அழிவதில்லை, இடம் மாறுகிறது. பொதுப்பணம் கொடுத்துப் புகையை வாங்கியவர், அது வேறு கடையில் மீண்டும் விற்கப்படுவதை ஒப்பார்.

இந்நிலையில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுத் தலைநகரான லீமா அவற்றைக் கேட்டது. லீமாவின் கிழக்கேயுள்ள சோசிகா வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குப் புறநகர் வண்டி விட அந்நகராட்சி விரும்பிற்று. பாதை ஏற்கெனவே இருந்தது. ஆண்டிஸ் மலையில் ஏறிச் செல்லும் மத்திய ரயில் பாதையின் கீழ்ப்பகுதி அது. தண்டவாள இடைவெளியும் கலிபோர்னியாவில் உள்ள அதே 1,435 மில்லிமீட்டர். 2024 நவம்பரில் 19 எஞ்சின்களையும் 90 பெட்டிகளையும் 63 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு லீமாவிற்கு விற்கக் கால்ட்ரெயின் ஆட்சிக்குழு இசைந்தது. நிபந்தனையும் அதற்கேற்பத் தளர்த்தப்பட்டது. 2025 ஜூலையில் அவை கயாவோ துறைமுகத்தில் வந்திறங்கத் தொடங்கின.

இது நன்றா, தீதா? செல்வ நாடு தன் புகையை ஏழை நாட்டின் மீது தள்ளுகிறது என்பர் ஒரு சாரார். நெரிசல் மிக்க சாலையில் புகை கக்கும் பேருந்துகளையும் கார்களையும் இவ்வண்டி குறைக்கும் என்பர் மற்றொரு சாரார். எமது கருத்தில், எஞ்சினைப் பார்த்து இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. அதன் பின்னால் அமர்ந்திருப்போரை எண்ண வேண்டும். 400 டன் வண்டி ஒவ்வொரு முறையும் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் பெறுவதாகவும், வழியில் பத்து முறை புறப்படுவதாகவும் கொண்டால், முன் கூறிய முறைப்படி புறப்பாடுகளுக்கு மட்டும் 74 லிட்டர் எண்ணெய் வேண்டும். பயணிகள் 740 பேர் எனில் தலைக்கு 100 மில்லிலிட்டர். 40 பேர் எனில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். பின்னதைவிட அந்நாற்பது பேரையும் ஒரே பேருந்தில் ஏற்றி அனுப்புதல் நன்று. சோசிகா கடல் மட்டத்திற்கு மேல் 850 மீட்டர் அளவு உயரத்தில் இருப்பதால், ஏற்றத்தில் செலவு இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக் கொள்க. மணிக்கொரு வண்டி நிறைந்து ஓடுமாயின் பழைய எஞ்சினும் ஊருக்கு நன்மை செய்யும். விழாக்காலத்து அலங்காரமாக வெறுமனே ஓடுமாயின் கேடே செய்யும்.

இவ்வினா நமக்கு அயலானதன்று. இந்திய ரயில்வே 2020 ஜூலையில் 10 டீசல் எஞ்சின்களையும் 2023 மே மாதத்தில் 20 டீசல் எஞ்சின்களையும் வங்காள தேசத்திற்கு அளித்தது; அங்கும் அகலப் பாதை நம்முடைய இடைவெளியே கொண்டது. மற்றொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. வாராணசித் தொழிற்சாலையில் இரண்டு டீசல் எஞ்சின்களின் பொறிகளை நீக்கி, சட்டத்தையும் சக்கர வண்டியையும் வைத்துக்கொண்டு, 10,000 குதிரைத் திறன் கொண்ட இரட்டை மின் எஞ்சினாக மாற்றினர். அது 2019 பிப்ரவரியில் கொடியசைத்துத் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் நாற்பதாண்டுச் சட்டத்தில் புது மின்கருவிகளை ஏற்றுவது எல்லா எஞ்சினுக்கும் இலாபகரமாகும் என்று கொள்ள இடமில்லை.

கலிபோர்னியாவிலும் டீசல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஸான் ஹோஸேக்குத் தெற்கே கில்ராய் வரையுள்ள பாதை ஒரு சரக்கு ரயில் கம்பெனிக்கு உரியது. அங்கு மின்கம்பி அமைக்கப்படவில்லை. நாளொன்றுக்குச் செல்லும் வண்டிகள் சிலவே. நிலையங்களும் தொலைவில் உள்ளன. 2024 செப்டம்பரில் மற்றவை விலகியபோது, சில டீசல் எஞ்சின்கள் அப்பகுதிக்கென நிறுத்தி வைக்கப்பட்டன. கம்பியின் கீழ் மின்னேற்றம் பெற்று, கம்பி இல்லாத தொலைவை மின்கலத்தால் கடக்கும் தொடர் வண்டி ஒன்றைச் செய்து தருமாறு 2023-இலேயே அந்நிறுவனம் கேட்டிருந்தது.